மனுவில் இடமில்லாமல் விட்டது

கேள்வி: எனக்கு 38 வயது. தென்மாவட்டத்தில் ஒரு தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு டைப் அடித்துத் தருவேன், லேமினேஷன் உண்டு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிருந்தே எழுத்தாளராக வேண்டும் என்று ஆசை. ஆனால் எழுதுகிற மாதிரி என் வாழ்க்கையில் எதுவும் நடப்பதில்லை. காலையில் கடையைத் திறந்தால் இருட்டும் வரை பட்டா, சிட்டா, வாரிசுச் சான்று என்று காகிதம்தான். ஒரு பெரியவர் மாசா மாசம் வந்து அவர் மனைவியின் இறப்புச் சான்றிதழை ஒரே ஒரு காப்பி எடுப்பார். ‘போன மாசம் எடுத்தீங்களே ஐயா’ என்றால், ‘அது வீட்ல இருக்கும்மா’ என்பார். இப்படியே போகிறது என் பிழைப்பு. எழுத்தாளர்களுக்கு உத்வேகம் எங்கிருந்து வருகிறது? எழுதி என்ன கிடைக்கப்போகிறது என்று வீட்டுக்காரர் கேட்கிறார். நான் எழுதிய ஒரு சிறுகதையை இதோடு வைத்திருக்கிறேன். இந்த வயதில் தொடங்கலாமா, சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை. உங்கள் சிறுகதையை ஒரு தடவை படித்து வைத்துவிட்டேன். கடிதத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு இதழில் கதைகளைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். கதையைவிடக் கதையோடு வருகிற கடிதம் நன்றாக இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் விஷயத்தில் அந்த வித்தியாசம் ரொம்பப் பெரியது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கதை கொடைக்கானலில் நடக்கிறது. ஒரு கவிஞன், பனிமூட்டம், பிரிந்துபோன காதலி. ‘மேகங்கள் அவளது நினைவுகளைச் சுமந்தபடி மலைமுகட்டைத் தழுவின’ என்று தொடங்குகிறீர்கள். ஏரிக்கரையில் அவன் எந்த இடத்தில் நின்றான், குளிருக்கு என்ன போர்த்தியிருந்தான், ராத்திரி எங்கே தங்கினான், சாப்பாட்டுக்குக் கையில் எவ்வளவு வைத்திருந்தான் என்று ஒன்றுமே கதைக்குள் இல்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு வேலையோ வீடோ கிடையாது. பெரிய கண்கள் மட்டும் இருக்கின்றன. இந்த வாக்கியங்களை எழுத நீங்கள் கொடைக்கானல் போயிருக்கவே வேண்டாம், வேறு கதைகளைப் படித்திருந்தால் போதும்.

அந்தப் பெரியவரைப் பற்றிக் கடிதத்தில் நீங்கள் எழுதிய இரண்டு வரியை அந்தக் கடையில் நின்றவர் மட்டும்தான் எழுத முடியும். ‘ஒரே ஒரு காப்பி’ என்று எண்ணிக்கையைச் சொல்லியிருக்கிறீர்கள். அவர் சொன்ன பதிலை அவர் பேச்சிலேயே வைத்திருக்கிறீர்கள். ஏன் எடுக்கிறார் என்று விளக்கவில்லை. பாவம் என்றோ தனிமை என்றோ ஒரு வார்த்தை கிடையாது. சலிப்பில் எழுதியதால் அலங்காரம் செய்யத் தோன்றவில்லை, அதனாலேயே அந்த ஆள் என் கண்ணுக்குத் தெரிந்தார். கதை எழுத உட்கார்ந்ததும் உங்கள் கை வேறு யாரோ எழுதுகிற மாதிரி எழுத ஆரம்பித்துவிடுகிறது. உங்களுக்கு இருக்கிற பிரச்சினை அது ஒன்றுதான். எதுவும் நடக்காதது பிரச்சினையே இல்லை.

உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வந்து நிற்கிறார், கூட்டுப் பட்டாவிலிருந்து தன் பங்கைப் பிரித்துத் தனிப்பட்டா வேண்டும் என்கிறார். மனு அடிக்க ஆரம்பிக்கும் முன்னால் கால் மணி நேரம் பேசுவார். அப்பா உயிரோடு இருந்தபோது கிணற்றடியில் வைத்து வாய்மொழியாகப் பங்கு பிரித்தது, அண்ணன் அதை ஒத்துக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் அணைத்தது, அண்ணி வந்த பிறகு பேச்சு மாறியது, போன பங்குனியில் குலதெய்வக் கோயிலில் எதிரெதிரே நின்றும் பார்த்துக்கொள்ளாமல் வந்தது, எல்லாம் சொல்வார். நீங்கள் சர்வே எண், விஸ்தீரணம், தகப்பனார் பெயர், கதவு எண் மட்டும் வாங்கிக்கொண்டு, ‘ஆகவே ஐயா அவர்கள் என் மனுவைப் பரிசீலித்து உட்பிரிவு செய்து தனிப்பட்டா வழங்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று பத்து வரியில் முடிப்பீர்கள். வட்டாட்சியருக்கு அந்தப் பத்து வரி போதும். கிணற்றடியும் கற்பூரமும் கோயிலும் மனுவில் சேராது. அவற்றைத்தான் எழுத வேண்டும்.

வாரிசுச் சான்று இன்னும் கனமானது. இறந்தவர் பெயருக்குக் கீழே வரிசையாக மனைவி, மகன், மகள் என்று எழுதும்போது, எந்தப் பெயரை முதலில் சொல்கிறார்கள், எந்தப் பெயருக்கு முன்னால் கொஞ்சம் தயங்குகிறார்கள், யாரை விட்டுவிடலாமா என்று உங்களையே கேட்கிறார்கள் என்று கவனித்திருப்பீர்கள். கல்யாணமாகிப் போன மகளின் பெயரைச் சொல்லும்போது அந்த வீட்டு ஆண்களின் குரல் எப்படி ஆகிறது என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ஜூன் 30-ஆம் தேதி பசலி ஆண்டு என்கிற வருவாய்த் துறைக் கணக்காண்டு முடிகிற சமயத்தை ஒட்டி, கிராமக் கணக்குகளைச் சரிபார்த்து மனு வாங்குகிற ஜமாபந்தி நடக்கும்போது, சுற்றுப்பட்டு கிராமத்து ஜனம் முழுக்க உங்கள் கடை வாசலில் நிற்கும். ஒவ்வொரு கையிலும் மஞ்சள் பை, ஒவ்வொரு பையிலும் ஒரு குடும்பத்தின் வழக்கு. ராஜம் கிருஷ்ணன் உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ‘கரிப்பு மணிகள்’ நாவல் எழுதுவதற்காகத் தூத்துக்குடிக்கே போய் அவர்களோடு பேசிப் பழகித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உங்களிடம் அவர்களாகவே வருகிறார்கள், வந்து சொல்லவும் செய்கிறார்கள்.

உத்வேகம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்து அது ஒரு உறுத்தல். ராத்திரி கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய், சோற்றைப் போட்டுக்கொண்டே, ‘இன்னைக்கு ஒரு ஆளு வந்தாரு…’ என்று நீங்களாக ஆரம்பிக்கிற பேச்சு எதுவோ, அங்கே ஒரு கதை இருக்கிறது. நூறு பேர் வந்திருப்பார்கள், ஏன் அந்த ஒருவரைச் சொல்கிறீர்கள்? உங்களுக்கே காரணம் புரியாது. புரியாத வரைக்கும் நல்லது. காரணம் தெளிவாகத் தெரிந்துவிட்டால் அது கட்டுரை எழுதத்தான் உதவும். ஏன் நினைவில் நிற்கிறது என்று பிடிபடாத ஒன்றை எழுதும்போதுதான் எழுதுகிறவருக்கும் ஏதாவது திறக்கிறது.

திருவனந்தபுரத்தில் சாலைத் தெரு என்று ஒரு பழைய கடைவீதி உண்டு. எழுத்தாளர் ஆ. மாதவன் அங்கே பல பத்தாண்டுகள் கடை நடத்தினார். சுமை தூக்குகிறவர்கள், பிச்சைக்காரர்கள், சின்ன வியாபாரிகள், அந்தத் தெருவையே நம்பிப் பிழைத்தவர்கள் என்று தன் கல்லாவிலிருந்து பார்த்த மனிதர்களைத்தான் வாழ்நாள் முழுக்க எழுதினார். 2015-இல் சாகித்ய அகாதெமி விருது வந்தது. கடை நடத்துவது எழுத்துக்குத் தடை என்று நினைக்கிறவர்களிடம் நான் முதலில் எடுத்துக் கொடுப்பது அவருடைய கதைகளைத்தான். நீங்களும் தேடிப் படியுங்கள். ஒரே தெருவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதையிலும் வேறு ஒரு இருட்டுக்குள் அவர் எப்படிப் போகிறார் என்று பாருங்கள். ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: கடைவீதியில் உட்கார்ந்திருந்தால் மட்டும் யாரும் மாதவன் ஆகிவிட முடியாது. அதே தெருவில் எத்தனையோ பேர் கடை வைத்திருந்தார்கள். பார்த்ததில் எதை வைப்பது, எதை விடுவது என்பதில் அவர் எடுத்த முடிவுகள்தான் அவருடைய எழுத்து.

இனி அந்தப் பெரியவருக்கு வருவோம். உங்கள் முதல் கதை அவர்தான். அடுத்த முறை வரும்போது, கேள்வி எதுவும் கேட்காமல், பாருங்கள். சான்றிதழை எதில் வைத்துக் கொண்டுவருகிறார்? பாலிதீன் கவரா, பழைய கல்யாணப் பத்திரிகை உறையா, சட்டைப் பையில் நாலாக மடித்தா? மடித்துத்தான் கொண்டுவருவார் என்றால், மடிப்பு விழுந்த இடத்தில் எந்த எழுத்து அழிந்திருக்கிறது? லேமினேட் செய்துதரட்டுமா என்று நீங்கள் எப்போதாவது கேட்டீர்களா, என்ன சொன்னார்? மிஷினில் வெளிச்சம் ஓடும்போது எங்கே பார்க்கிறார்? காப்பியைக் கையில் வாங்கியதும் படிக்கிறாரா, படிக்காமல் வைக்கிறாரா? அசலையும் நகலையும் ஒன்றாக வைக்கிறாரா, தனித்தனியாகவா? காசைச் சில்லறையாக எண்ணி வைத்துக் கொண்டுவருகிறாரா? மாதத்தில் எந்தத் தேதி? அந்தத் தேதிக்கும் சான்றிதழில் இருக்கிற தேதிக்கும் ஏதாவது பொருத்தம் உண்டா? உங்களுக்கு மட்டும்தான் இதெல்லாம் தெரியவரும்.

பார்த்ததை எழுதும்போது, அவர் ஏன் நகல் எடுக்கிறார் என்பதற்கு ஒரு காரணம் கண்டுபிடிக்க உங்கள் மனசு துடிக்கும். மனைவி ஞாபகமாக எடுக்கிறார் என்று ஒரு வரி எழுதிவிடத் தோன்றும். எழுதினால் அந்த நிமிஷமே அவர் சாதாரண ஆளாகிவிடுவார். ஒருவேளை பென்ஷன் ஆபீஸில் யாரோ மாதம் ஒரு நகல் கேட்டு அலையவிடுகிறார்களோ என்னவோ. மகன் கேட்கிறானோ என்னவோ. கதைக்குள் இருக்கிற கடைக்காரப் பெண்ணுக்கு அது தெரியாமலே இருக்கட்டும். தெரியாமல் அவள் என்னென்ன நினைத்துக்கொள்கிறாள், அந்த நினைப்பு மாதா மாதம் எப்படி மாறுகிறது, அவளுடைய சொந்த வீட்டுக் கவலைகள் அதில் எங்கே வந்து கலக்கின்றன என்று கதை உங்கள் பக்கம் திரும்பும். எனக்குப் படுவது, இது அவரைப் பற்றிய கதையைவிட அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற பெண்ணின் கதை. எழுதிப் பார்த்தால் வேறு மாதிரி வரலாம், வரட்டும்.

முடிவைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்களுக்கு வருகிற கதைகளில் பாதிக்கு மேல் அங்கேதான் விழுகின்றன. ஒரு மாதம் பெரியவர் வரவில்லை, அடுத்த நாள் அவர் மகன் அவருடைய இறப்புச் சான்றிதழோடு கடைக்கு வந்து நிற்கிறான். இந்த முடிவு உங்களுக்கு இதற்குள் தோன்றியிருக்கும். படிக்கிற எல்லோருக்கும் மூன்றாவது பத்தியிலேயே தோன்றிவிடும். சாவைக் கொண்டுவந்து கதையை மூடுவது எளிது. அவரைச் சாகடிக்காதீர்கள். அவர் அடுத்த மாதமும் வருவார் என்கிற நிலையிலேயே கதைக்கு ஒரு அசைவைக் கொடுக்க முடிகிறதா என்று முயன்று பாருங்கள். கஷ்டமாக இருக்கும். அந்தக் கஷ்டத்தைப் பட்டவர்களின் கதையைத்தான் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

பேச்சைப் பற்றிக் கொஞ்சம். உங்கள் கொடைக்கானல் கதையில் எல்லோரும் ‘நீ ஏன் என்னை விட்டுச் சென்றாய்?’ என்று பேசுகிறார்கள். உங்கள் தாலுகாவில் யாராவது ‘சென்றாய்’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கடிதத்தில் ‘அது வீட்ல இருக்கும்மா’ என்று காதில் விழுந்தபடி எழுதியவர் நீங்கள்தான். உங்கள் வாசலில் ஒரே நாளில் எத்தனை வகைத் தமிழ் வந்து போகிறது! கரிசல்காட்டு விவசாயி, ரிட்டயர்டான வாத்தியார், கிராம உதவியாளர், புரோக்கர், கல்லூரிச் சான்றுக்காக அப்பாவோடு வந்து வெட்கப்பட்டு நிற்கிற பெண். ஒவ்வொருவரும் ‘வேண்டும்’ என்பதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். கரிசல் மண்ணின் பேச்சைக் கதைக்குள் கொண்டுவந்த கி. ராஜநாராயணன் இடைசெவலில் விவசாயம் பார்த்தவர். எழுதத் தொடங்கியதே முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான். பிறகு அந்த வட்டாரச் சொற்களைத் திரட்டி ஒரு அகராதியே கொண்டுவந்தார். வயதைப் பற்றிய உங்கள் கேள்விக்கு இதற்கு மேல் பதில் வேண்டாம் என்று நினைக்கிறேன். 38 வயதுக்குள் எத்தனை குடும்பங்களின் பங்குத் தகராறுகளைக் கேட்டு முடித்திருப்பீர்கள்! இருபது வயதில் எழுத வருகிறவர்களிடம் அது இருக்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் கறாராக இருக்க வேண்டும். உங்களிடம் வருகிறவர்கள் ஒரு வேலையை நம்பித் தங்கள் காகிதத்தைத் தருகிறார்கள். அவர்கள் பெயர், ஊர், சர்வே எண், ஆதார் எண், சாதிச் சான்றில் இருப்பது எதுவும் கதைக்குள் வரக் கூடாது. பெயரை மட்டும் மாற்றினால் போதாது. சின்ன ஊரில் கிணற்றடி, கற்பூரம் என்று சொன்னாலே யார் வீடு என்று தெரிந்துவிடும். கற்பூரத்தை ஒரு வீட்டிலிருந்தும், பேசாமல் நின்ற கோயிலை இன்னொரு வீட்டிலிருந்தும், தயங்கிய குரலை மூன்றாவது வீட்டிலிருந்தும் எடுங்கள். சேர்த்து ஒரு புது வீடு கட்டுங்கள். கதை வெளிவந்து, அதைப் படித்த ஒருவர் உங்கள் கடைக்கு வந்து நின்றால், அவர் முகத்தைப் பார்த்து நீங்கள் பேச முடிய வேண்டும். ஊருக்கு அந்தக் கடை வேண்டும், உங்களுக்கும் வேண்டும். நகல் சரியாக விழவில்லை என்று கசக்கிப் போட்ட காகிதத்தைக்கூட எழுதுவதற்காக எடுத்து வைக்காதீர்கள். காதில் விழுந்ததும் கண்ணில் பட்டதும் போதும்.

எப்போது எழுதுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் காலையிலேயே மனு அடிக்க வந்துவிடுவார்கள், அன்று எழுத்து நடக்காது, விடுங்கள். மற்ற நாட்களில் மத்தியானம் ஆபீஸில் சாப்பாட்டுக்கு எழுந்துபோகிற நேரம் கடை ஓய்ந்திருக்கும். அப்போது ஒரு பக்கம். கம்ப்யூட்டரில் வேண்டாம், அதில் விரல் தானாக ‘மேற்படி’ என்று ஆரம்பித்துவிடும். தனி நோட்டு வைத்துக் கையால் எழுதுங்கள். அந்தப் பக்கத்தில் அன்றைக்குப் பார்த்த ஒரு ஆளும் அவர் சொன்ன ஒரு வாக்கியமும் இருந்தால் போதும். அழகாக எழுத முயல வேண்டாம், கதையாக்கவும் வேண்டாம். நோட்டு நிரம்பிய பிறகு எடுத்துப் படித்தால், எந்தப் பக்கத்தில் நின்றுவிடுகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

படிப்பதையும் விடாதீர்கள். உங்கள் கிளை நூலகத்தில் கிடைப்பதை முதலில் முடியுங்கள். மதுரைக்குப் போகிற வேலை வந்தால், புது நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் அரை நாள் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். பிடித்த கதையை இரண்டாம் தரம் படிக்கும்போது, முதல் பத்தியில் எத்தனை பொருட்கள் கண்ணுக்குத் தெரிகின்றன என்று எண்ணிப் பார்ப்பது நல்ல பயிற்சி. உங்கள் கொடைக்கானல் கதையின் முதல் பக்கத்தையும் அதே மாதிரி எண்ணிப் பாருங்கள்.

வீட்டுக்காரரின் கேள்வி நியாயமானது. பூசி மெழுகாமல் பதில் சொல்கிறேன். சிறுகதைக்குப் பல இதழ்கள் ஒன்றும் தருவதில்லை, தருகிற இடத்திலும் சின்னத் தொகைதான். புத்தகம் வந்தால் பதிப்பகங்கள் வழக்கமாகத் தரும் உரிமைத்தொகை விலையில் பத்து சதவீதம். 200 ரூபாய்ப் புத்தகத்துக்குப் பிரதிக்கு 20 ரூபாய். ஒரு வருடத்தில் 300 பிரதி விற்றால் 6,000 ரூபாய். ஜெராக்ஸ் மிஷினுக்கு டோனர் வாங்கவே சரியாகப் போகும். கடைதான் உங்களுக்குச் சோறு போடும், அது அப்படியே இருக்கட்டும். அதைவிட முக்கியம், ‘இவ்வளவு கட்டுங்கள், உங்கள் புத்தகத்தைப் போட்டு விழாவும் நடத்தித் தருகிறோம்’ என்று யாராவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். முதல் புத்தகத்தின் ஆசையில் நகையை அடகு வைத்தவர்களை எனக்குத் தெரியும். கட்டுக்கட்டாகப் புத்தகங்கள் அவர்கள் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. வீட்டுக்காரரிடம் பணத்தைப் பற்றி வாதாட வேண்டாம். பெரியவர் கதையை எழுதி முடித்ததும் வீட்டுக்காரருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் அவர் கவனம் கலைகிறதோ, அங்கே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்த இடத்தைத்தான் திருத்த வேண்டும்.

திருத்தும்போது முதல் பத்தியை மூடிவைத்துவிட்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பாருங்கள். பெரும்பாலும் கதை அங்கேதான் ஆரம்பித்திருக்கும்.

முடிந்ததும் அந்தக் கதையை எனக்கே அனுப்புங்கள். யூனிகோடில் அடியுங்கள், மனு அடிக்கிற பழைய எழுத்துருவில் அனுப்பினால் இங்கே கட்டம் கட்டமாகத்தான் வரும். இரண்டாயிரம் சொல்லுக்கு மேல் போனாலும் பரவாயில்லை. கதைச் சுருக்கமோ, இது எதைப் பற்றியது என்ற விளக்கமோ வேண்டாம். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். என் பதில் வரும்வரை வேறு இதழுக்கு அனுப்ப வேண்டாம். இரண்டு மாதத்துக்குள் பதில் வராவிட்டால் தாராளமாக வேறு இடத்துக்கு அனுப்பலாம். கொடைக்கானல் கதையை நாங்கள் பயன்படுத்தப்போவதில்லை, அதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.